தலைகீழாக விழுந்த கோடு

எலெக்ட்ரான்கள் பெரும் சம்சாரிகள். அணுவோடு அணுவைச் சேர்க்கும் பிணைப்பில் இரண்டிரண்டாகக் குடித்தனம் நடத்துகின்றன. ஒன்று ஒரு பக்கம் சுழன்றால் மற்றது எதிர்ப்பக்கம் சுழல வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். பிணைப்பு நடுவில் அறுந்தால், ஆளுக்கொரு எலெக்ட்ரானோடு இரண்டு துண்டுகள் பிரிகின்றன. இவற்றுக்கு ராடிக்கல் என்று பெயர். துணையைத் தேடி அலைந்து, அகப்பட்டதைப் பற்றிக்கொண்டு, பெரும்பாலும் கண் இமைப்பதற்குள் மறைந்துவிடும்.

இப்படி ஒன்று உண்டு என்பதை 1900-ல் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த மோசஸ் கோம்பர்க் சொன்னபோது, பலர் நம்பவில்லை. அவர் கண்டுபிடித்தது மூன்று பென்சீன் வளையங்களின் காவலில் இருந்த முரட்டு ராடிக்கல், அதனால்தான் தங்கியது. கட்டுரையின் முடிவில், இந்தத் துறையைத் தமக்கே விட்டுவைக்கும்படி மற்றவர்களைக் கேட்டுக்கொண்டார். எத்தனை வெள்ளை மனம், பாருங்கள்!

நொடியில் மறைவதைப் பிடிக்க வேறு வலை வேண்டியிருந்தது. யுத்தத்தின் நடுவே, 1944-ல், ருஷ்யாவின் கசான் நகரில் ஸவாய்ஸ்கி என்பவர் அதைப் பின்னினார். தனித்த எலெக்ட்ரான் ஒரு குட்டிக் காந்தம். பெரிய காந்தத்தின் நடுவே வைத்தால் இரண்டு நிலைகளில்தான் நிற்கும். சரியான அலையை அதன் மேல் செலுத்தினால், அலையை விழுங்கிக் கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்குத் தாவும். அந்த விழுங்கலைக் கருவி காகிதத்தில் கோடாக வரையும். எலெக்ட்ரான் ஸ்பின் ரெஸனன்ஸ் என்பது இதுதான். ஸவாய்ஸ்கிக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. என் அபிப்பிராயத்தில் அது அந்தப் பரிசுக்குத்தான் நஷ்டம்.

நம் நாட்டில் இந்த வலையை வீசியவர்களில் முன்னோடி பி. வெங்கட்ராமன். அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் ஃபிரெங்கெலுடன் சேர்ந்து 1950-களில் ராடிக்கல்களை ஆராய்ந்தவர். பிறகு பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இத்துறையை வளர்த்தார். சென்னை கிண்டியில் 1959-ல் தோன்றிய ஐ.ஐ.டி.யிலும் பின்னால் இந்தக் கருவி வந்தது.

இனிதான் கதையின் விசித்திரமான கட்டம். 1963-ல் அமெரிக்கர்களான ஃபெஸ்ஸெண்டனும் ஷூலரும் திரவ மீத்தேனில் எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, பிறக்கும் ராடிக்கல்களைப் பார்த்தார்கள். ஹைட்ரஜன் அணுவுக்கு இரண்டு கோடுகள் வர வேண்டும், வந்தன. ஆனால் ஒன்று தலைகீழாக விழுந்தது! விழுங்க வேண்டிய அணு அலையைக் கக்கியது. கருவிக் கோளாறு என்று தாளைக் கிழித்தெறிந்திருக்கலாம். அவர்கள் அதையும் அச்சில் ஏற்றினார்கள். விளக்கம் தயாராக இல்லாத ஒன்றை அச்சிடுவதற்கு, கண்டுபிடிப்பதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும்.

விளக்கம் பல வருஷம் கழித்து வந்தது. 1969-ல் ஹாலந்தில் காப்டைனும் ஊஸ்டர்ஹாஃபும், அமெரிக்காவில் க்ளாஸும், அணுக்கருக்களின் கோடுகளில் தெரிந்த இதே போன்ற கோணலுக்கு ராடிக்கல் ஜோடியைக் காரணம் காட்டினார்கள். 1971-ல் ஏட்ரியன் அதை எலெக்ட்ரானுக்கும் பொருத்தினார். சேர்ந்து பிறந்த இரண்டு ராடிக்கல்கள் உடனே விலகிப் போவதில்லை. சற்று அகன்று மறுபடியும் சந்திக்கின்றன. அந்த அற்ப இடைவெளியில் அவற்றின் சுழற்சி எதிரெதிராகவே நீடித்தால் மீண்டும் இணையலாம், மாறிவிட்டால் பிரிவுதான். மாறுவதையும் மாறாததையும் பக்கத்து அணுக்கருக்களின் நலிந்த காந்தமும் சேர்ந்து தீர்மானிக்கிறது. தப்பி வந்தவை சில கோடுகளில் மேல்நிலையிலேயே கூட்டமாக நிற்கும். கீழே இறங்கும்போது அலையைக் கக்கும். தலைகீழ்க் கோடு, மறைந்துபோன ஜோடி விட்டுச் சென்ற சுவடு.

இவ்வளவு நலிந்த காந்தத்துக்கே அசைந்து கொடுக்கும் ஜோடி பூமியின் காந்தத்துக்கும் அசையுமோ? 1978-ல் ஷுல்டன் என்பவரும் கூட்டாளிகளும், பறவைகள் திசை அறிவது இப்படித்தான் இருக்கலாம் என்றார்கள். எங்கள் முடிச்சூரிலிருந்து தெற்கே செங்கற்பட்டைத் தாண்டிப் போனால் வேடந்தாங்கல். குளிர் காலத்தில் வட ஆசியாவிலிருந்து நீலச்சிறகி வாத்துகள் அங்கே வந்து இறங்குகின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்த யோசனைதான் எனக்கு நினைவு வருகிறது.

2021-ல் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் உள்ள விஞ்ஞானிகள், ஐரோப்பிய ராபின் குருவியின் கண்ணில் உள்ள கிரிப்டோகுரோம் என்ற புரதத்தைச் சோதனைச்சாலையில் தயாரித்து, நீல ஒளி பட்டதும் அதில் ராடிக்கல் ஜோடி பிறப்பதையும் அது காந்தத்துக்கு இணங்குவதையும் கண்டார்கள். கண்டது சோதனைக் குழாயில். உயிருள்ள பறவையின் விழிக்குள் அந்த ஜோடியை இதுவரை யாரும் பிடிக்கவில்லை.