மோட்டார் சைக்கிள் கைப்பிடி உறை: தேய்மானமும் மாற்றுதலும்

மோட்டார் சைக்கிள் கைப்பிடி உறை என்பது ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் இறுக்கமாகச் செருகப்படும் ரப்பர் உறை. பேச்சு வழக்கில் இதைக் கிரிப் என்பர். வண்டியைத் திருப்பும் விசை இதன் வழியாகவே செல்கிறது. வலக்கை உறை கூடுதலாக ஆக்சிலேட்டரையும் இயக்குகிறது. உறை வழுக்கத் தொடங்கினால் ஓட்டுநர் தம்மை அறியாமல் பிடியை இறுக்குவார். அதனால் முன்கை விரைவில் சோர்ந்து, பிரேக், கிளட்ச் நெம்புகோல்களை நோக்கி விரல் நீளும் வேகமும் குறையும்.

அமைப்பு

பெரும்பாலான வண்டிகளின் ஹேண்டில்பார் முனை 22 மி.மீ. விட்டம் உடையது. இடப்பக்க உறை இந்தக் குழாயின் மேல் நேரடியாக அமர்கிறது. வலப்பக்கத்தில் ஹேண்டில்பாரின் மேல் ஒரு பிளாஸ்டிக் குழாய் சுழல்கிறது. ஆக்சிலேட்டர் கேபிள் அதில் மாட்டப்பட்டிருக்கும். உறை அந்தப் பிளாஸ்டிக் குழாயின் மேல் அமர்வதால் அதன் உள்விட்டம் இடப்பக்க உறையைவிடச் சுமார் 3 மி.மீ. கூடுதல். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. ஆகவே கடைகளில் இவை ஜோடியாகவே விற்கப்படுகின்றன.

ஆக்சிலேட்டரை இப்படி முறுக்கும் ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே பொதுவானதல்ல. பழைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் எரிபொருளையும் காற்றையும் சிறு நெம்புகோல்கள் கட்டுப்படுத்தின. கைப்பிடி வெறும் பிடியாகவே இருந்தது. முறுக்குப் பிடி பரவிய பின்னரே, உறை குழாயோடு ஒட்டி நிற்பது பாதுகாப்புக்குரிய தேவையாயிற்று. 1972இல் வெளிவந்த பஜாஜ் சேத்தக் போன்ற பழைய கியர் ஸ்கூட்டர்களில் இடக்கைப் பிடியும் கிளட்ச்சோடு சேர்ந்து சுழன்று கியரை மாற்றும். அவற்றில் இட உறை தளர்ந்தால் கை திரும்பும், கியர் விழாது.

வழுக்குவதற்கான காரணங்கள்

ரப்பரின் பிடிப்பு இரண்டு வழிகளில் கிடைக்கிறது: தோலோடு ஒட்டும் தன்மை, அழுத்தத்தில் நெளிந்து கொடுக்கும் தன்மை. மேற்பரப்பில் உள்ள வரிகளும் புள்ளிகளும் வியர்வையும் மழைநீரும் வடியும் வாய்க்கால்கள். அவை தேய்ந்து மழுங்கிய உறை உலர்ந்த நிலையில் நன்றாகவே பிடிக்கக்கூடும். ஈரம் பட்டால் கைக்கும் ரப்பருக்கும் இடையே நீர்ப்படலம் நின்று, ஒட்டும் தன்மை அற்றுப்போகும். வெயில் நாளில் தெரியாத குறை முதல் மழையில் வெளிப்படுவது இதனால்தான்.

தேய்மானத்தோடு ரப்பர் மூப்படைவதும் சேர்ந்துகொள்கிறது. இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் தாக்குகிறது. இழுவிசையில் இருக்கும் ரப்பரில் இதனால் வெடிப்புகள் தோன்றும். உறை குழாயின் மேல் விரிந்தே அமர்ந்திருப்பதால் அதன் விளிம்புகளில் வெடிப்பு முதலில் தெரியும். புறஊதாக் கதிரும் வெப்பமும் மேற்பரப்பை இறுகச் செய்து பளபளப்பாக்குகின்றன. கறுப்பு உறைகளில் கலக்கப்படும் கார்பன் கரி இந்தக் கதிரை ஓரளவு உறிஞ்சித் தடுக்கிறது. பி.வி.சி. கலவையில் செய்த உறைகளில் மென்மையூட்டும் வேதிப்பொருள் மெல்ல வெளியேறுவதால் மேற்பரப்பு பிசுபிசுக்கும். பின்னர் உறை விறைத்துப்போகும். பெட்ரோல், எஞ்சின் ஆயில், கிரீஸ் ஆகியவை இயற்கை ரப்பரை ஊதச் செய்து தளர்த்தும். தலையில் தேய்த்த எண்ணெய் கைவழியாக உறையில் படிந்து தூசியோடு சேர்ந்தாலும் வழுக்கல் படலம் உருவாகும்.

கோலார் தங்கவயல் சூழல்

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ள கோலார் தங்கவயல் தமிழர் பெருமளவில் வாழும் ஊர். இங்கு ஓடும் வண்டிகளின் கைப்பிடி உறைகள் மூன்று வகையில் சோதிக்கப்படுகின்றன.

முதலாவது தூசி. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் வருகையோடு வேரூன்றிய நவீனச் சுரங்கத் தொழில், பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டதோடு நின்றது. பாறையை மாவாக அரைத்துச் சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்த பின் எஞ்சிய மண், 3 கோடி டன்னுக்கு மேல், ஊரை ஒட்டி மேடுகளாகக் குவிந்து கிடக்கிறது. வறண்ட மாதங்களில் காற்று வீசும்போது இந்த நுண்மண் குடியிருப்புகள் மேலும் சாலைகள் மேலும் படிகிறது. இதில் குவார்ட்சு மிகுதி. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்சின் மதிப்பு 7. அது கண்ணாடியையே கீறும். வியர்த்த கைக்கும் ரப்பருக்கும் இடையே இத்துகள் சிக்கினால், ஒவ்வொரு முறுக்கும் உறையை உப்புத்தாளால் தேய்த்ததுபோல் அரிக்கும். ஓயாமல் முறுக்கப்படும் வலப்பக்க உறையே முதலில் மழுங்கும்.

இரண்டாவது வெயில். சுரங்கம் மூடிய பின் இவ்வூரார் பலர் மாரிக்குப்பம்–பங்காரப்பேட்டை கிளைப்பாதை வழியாக நாள்தோறும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். நிலையத்துக்கு ஓட்டிவந்த வண்டி கூரையில்லாத இடத்தில் நிறுத்தப்பட்டால், காலை முதல் இரவு வரை அங்கேயே நிற்கும். ஓடும் நேரம் குறைவு, காயும் நேரம் அதிகம். இத்தகைய வண்டிகளில் தேய்வதற்கு முன்பே உறை இறுகி வெடிப்பதைக் காணலாம்.

மூன்றாவது மழை. தென்மேற்குப் பருவத்தில் தூறலாகத் தொடங்கும் மழை செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வலுக்கிறது. கோடையில் மழுங்கிய உறை அப்போதுதான் கையை விட்டு நழுவும்.

குறையைக் கண்டறிதல்

வழுக்கல் இருவகைப்படும், இரண்டுக்கும் தீர்வு வெவ்வேறு. முதல் வகையில் கை உறையின் மேல் வழுக்குகிறது. இரண்டாம் வகையில் உறையே குழாயின் மேல் சுழல்கிறது. உறையின் உள்விளிம்பிலிருந்து குழாய்வரை சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்து, உலர்ந்த கையால் உறையை மட்டும் பலமாக முறுக்கிப் பார்க்க வேண்டும். கோடு உடைந்து விலகினால் உறை குழாயில் தளர்ந்துள்ளது. வலப்பக்கத்தில் சுழலும் பிளாஸ்டிக் குழாயின் விளிம்பில் இக்கோடு அமைய வேண்டும். உறை தனியே திரும்பினால் ஆக்சிலேட்டர் கைக்குக் கட்டுப்படாது. அந்த வண்டியைச் சரிசெய்யும்வரை ஓட்டலாகாது.

தற்காலிகத் தீர்வுகள்

கை மட்டும் வழுக்கும்போது முதலில் உறையைச் சோப்பு நீரும் பழைய பல் துலக்கியும் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். வரிகளுக்குள் அடைந்த அழுக்கு நீங்கினாலே பல உறைகள் பிடிப்பை மீண்டும் பெறும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் அழுக்கை எடுத்தாலும் ரப்பரைக் கெடுக்கும். வாட்டர் சர்வீஸ் செய்யும் இடங்களில் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பூசும் சிலிக்கோன் பாலிஷ் உறையில் படாமல் பார்த்துக்கொள்வது அவசியம். பளபளப்பாக இறுகிய மேற்பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் லேசாக உரசினால் சில வாரங்களுக்குப் பிடிப்பு கிடைக்கும்.

உறையின் மேல் மாட்டும் கிரிப் கவர் மலிவான வழி. ஆனால் அது பிடியைத் தடிமனாக்கும். சிறிய கையுடையோருக்கு நெம்புகோல் எட்டாமல் போகலாம். ஸ்பாஞ்சு வகை மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தளர்ந்த கவர் உறையின் மேல் சுழலுமாதலால் ஆக்சிலேட்டர் பக்கத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது. உள்ளங்கையில் ரப்பர் புள்ளிகள் பதித்த கையுறை, உறை நல்ல நிலையில் இருந்தாலும் பயன் தரும்.

உறையை மாற்றுதல்

வரிகள் மறைந்த, வெடித்த, பிசுபிசுக்கும் அல்லது குழாயில் சுழலும் உறைக்கு நிலையான தீர்வு மாற்றுவதே. ஹேண்டில்பார் முனையில் எடைக்கட்டி இருந்தால் அதன் ஸ்குரூவைக் கழற்ற வேண்டும். பழைய உறையை மீண்டும் பயன்படுத்தப் போவதில்லை என்பதால் நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்துவிடலாம். வலப்பக்கத்தில் பிளேடு ஆழமாக இறங்கினால் பிளாஸ்டிக் குழாய் வெட்டுப்படும். மீண்டும் பயன்படுத்த வேண்டிய உறையாயின் விளிம்பைத் தட்டையான ஸ்குரூ டிரைவரால் சற்றே தூக்கி, சோப்பு நீரைச் செலுத்திச் சுழற்றி இழுக்கலாம். காற்றுக் குழாயால் உள்ளே காற்றடித்தாலும் உறை விரிந்து கழலும்.

குழாயில் ஒட்டியிருக்கும் பழைய பசையையும் துருவையும் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட வேண்டும். எண்ணெய்ப் பசை எஞ்சினால் புதிய உறையும் சுழலும். கிரிப்புக்கென விற்கும் பசையைக் குழாயில் மெல்லியதாகப் பூசி, அது காயுமுன் உறையை ஒரே மூச்சில் முறுக்கித் தள்ள வேண்டும். வலப்பக்கத்தில் பசை பிளாஸ்டிக் குழாய்க்குள் வழிந்தால் ஆக்சிலேட்டர் ஒட்டிக்கொள்ளும். பசை முழுமையாக இறுகப் பெரும்பாலும் ஒரு நாள் ஆகும். சோப்பு நீரை மட்டும் தடவிச் செருகும் வழக்கமும் உண்டு. நீர் வற்றும்வரை உறை திரும்பும், மழையில் நீர் உட்புகுந்தால் மறுபடியும் திரும்பும். மோட்டோகிராஸ் பந்தய வண்டிகளில் பசைக்கு மேல் மெல்லிய எஃகுக் கம்பியையும் சுற்றி முறுக்கி, முனையை ரப்பருக்குள் புதைப்பர்.

பொருத்திய பின் செய்ய வேண்டிய சோதனைகள்

வலப்பக்க உறைக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் இடையே 1 முதல் 2 மி.மீ. இடைவெளி வேண்டும். வெளிமுனையில் உறை எடைக்கட்டியை உரசக் கூடாது. எஞ்சினை நிறுத்திய நிலையில் ஆக்சிலேட்டரை முழுதும் முறுக்கி விட்டால் அது தானாகவே பட்டெனத் திரும்ப வேண்டும். ஹேண்டில்பாரை இருபுறமும் கடைசிவரை திருப்பி இதே சோதனையைச் செய்ய வேண்டும். கேபிளின் தளர்வு பெரும்பாலான வண்டிகளில் 2 முதல் 6 மி.மீ.; உரிய அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்.

தேர்வும் பராமரிப்பும்

வண்டி நிறுவனத்தின் அசல் உறை அளவில் பிசகாது. வேறு உறை வாங்கும்போது உள்விட்டம், நீளம், எடைக்கட்டிக்கான திறப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிட வேண்டும். மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், அதிர்வையும் குறைக்கும். ஆனால் விரைவில் தேயும். கடினமான ரப்பர் நெடுநாள் உழைக்கும், கையில் அதிர்வைக் கூட்டும். ஓசோனையும் வெயிலையும் தாங்குவதில் இ.பி.டி.எம். ரப்பர் இயற்கை ரப்பரைவிட மேம்பட்டது. தூசியும் வெயிலும் மிகுந்த தங்கவயல் போன்ற ஊர்களில் நடுத்தரக் கடினமும் ஆழமான வரிகளும் உடைய கறுப்பு உறை ஏற்றது. வாரம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவுவதும், வெயிலில் நிறுத்தும்போது கைப்பிடிகளைத் துணியால் மூடுவதும் அதன் ஆயுளை நீட்டிக்கும். மழைக்காலம் தொடங்குமுன் சுண்ணக்கோட்டுச் சோதனையை ஒருமுறை செய்து, தேய்ந்த உறைகளை ஜோடியாக மாற்றுவது நல்லது.