நினைவுப் படங்கள்: தூரிகையிலிருந்து கணினிக்கு

நினைவுப் படம் என்பது மறைந்த ஒருவரின் உருவத்தை, குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி வரைந்தோ திருத்தியோ சட்டமிட்டுத் தரும் படமாகும். தமிழ்நாட்டில் இன்று இது பெரும்பாலும் கணினியில் உருவாக்கப்படுகிறது. திருமணப் பரிசாகவும், அறுபதாம் கல்யாணத்துக்காகவும், வருடத் திதிக்காகவும் சொல்லிச் செய்யப்படுகிறது. மறைந்த தந்தை மணமக்களின் பின்னால் நின்று ஆசி வழங்குவது, தாத்தா தாம் பார்த்திராத பேரக்குழந்தையை மடியில் வைத்திருப்பது போன்ற அமைப்புகளைப் பலர் விரும்பிக் கேட்கின்றனர். நடக்காத ஒன்றைப் படமாக்கித் தருவது கணினி கொண்டுவந்த புதுமை என்று எண்ணப்படுவதுண்டு. ஆனால் ஸ்டுடியோக்கள் அதை வெகுகாலம் முன்பே செய்துவந்தன.

ஸ்டுடியோக் காலம்

சென்னையில் புகைப்படச் சங்கம் 1856-ல் தொடங்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரங்களில் ஸ்டுடியோக்கள் பெருகின. எனினும் படம் எடுப்பது செலவு மிக்கது. வாழ்நாளில் ஒருமுறைகூடப் படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் ஏராளம். அத்தகையவர் இறந்த அன்று புகைப்படக்காரர் வீட்டுக்கு அழைக்கப்பட்டார். உடலை நாற்காலியில் அமர்த்தி, மாலையிட்டு, சுற்றிலும் குடும்பத்தார் நிற்கப் படம் எடுக்கப்பட்டது. பின்னர் ரீடச்சிங் கலைஞர் மூடிய கண்களைத் திறந்த கண்களாகத் தீட்டினார்.

குழுப்படத்தின் மூலையில் நின்ற ஒருவரின் முகத்தை மட்டும் பிரித்தெடுத்து, வேறொரு உடலோடு பொருத்துவதும் வழக்கத்தில் இருந்தது. இரண்டு நெகடிவ்களை ஒரே தாளில் அச்சிட்டு, சேர்ந்து படமே எடுத்துக்கொள்ளாத கணவனையும் மனைவியையும் அருகருகே அமர்த்தினர். நெகடிவின் மேல் கூர்மையான பென்சிலால் சுருக்கங்களை மறைத்தனர். கறுப்பு வெள்ளை அச்சின் மேல் மெல்லிய நீர்வண்ணம் பூசி, சேலையின் சரிகைக்கும் நகைக்கும் மஞ்சள் ஏற்றினர். இதில் கலைஞர் தாமாக முடிவு செய்ய இயலாத இடங்கள் உண்டு. கணவரை இழந்து நெடுங்காலம் வாழ்ந்த தாய்க்குப் பொட்டு வைப்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும். எந்த வயதுத் தோற்றம் நிலைக்க வேண்டும் என்பதும் அவர்கள் முடிவே.

கணினி வந்தபின்

போட்டோஷாப் மென்பொருள் 1990-ல் வெளியானது. 1994-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அடுக்குகள் சேர்க்கப்பட்டன. நெகடிவ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்ட வேலையை இவை எளிதாக்கின. 2002-ல் வந்த ஏழாம் பதிப்பின் திருத்தும் தூரிகை, கிழிசலையும் கறையையும் போக்கும் பென்சில் வேலைக்கு ஈடானது. பிறகு வரைபலகையும் தொடுதிரையும் வந்தன. ஆனால் பழைய சிக்கல் தீரவில்லை. அது மூலப் படம் பற்றியது.

1993 முதல் வழங்கப்பட்ட வாக்காளர் அடையாள அட்டையிலும், பின்னர் ஆதார் அட்டையிலும் உள்ள முகமே பல முதியவர்களுக்குக் கிடைக்கும் ஒரே படம். குறிப்பாகக் கிராமத்துப் பெண்களின் நிலை இது. நகம் அளவே உள்ள அந்த முகத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். எனவே கலைஞர் அதைப் பெரிதாக்குவதில்லை. பார்த்து மறுபடி வரைகிறார். தெளிவில்லாத காதுக்கும் தாடைக்கும் மகள் அல்லது உடன்பிறந்தவரின் படத்தைக் கேட்டு வாங்குகிறார். முடிவில் கிடைப்பது பாதி முகம், பாதி யூகம். வீட்டார் பார்த்து “அம்மாதான்” என்று சொன்னால் வேலை முடிந்தது. நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கச் சொல்வதும், இருந்திராத நகைகளைப் போடச் சொல்வதும் சாதாரணம். அவரைப் பார்த்திராத பேரப்பிள்ளைகளுக்கு அதுவே அவர் முகமாகிறது.

அசையும் உருவங்கள்

2021 பிப்ரவரியில் மைஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய படத்தில் உள்ள முகத்தைத் திரும்பவும் கண்சிமிட்டவும் வைக்கும் வசதியை வெளியிட்டது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டு இணையர் ஒருவரின் திருமண வரவேற்பு மெய்நிகர் உலகில் நடந்தபோது, மணமகளின் மறைந்த தந்தை முப்பரிமாண உருவமாக அதில் தோன்றினார். 2024 ஜனவரியில் டி. ஆர். பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீட்டு விழாவில், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட மு. கருணாநிதி திரையில் தோன்றி வாழ்த்துரை வழங்கினார். கண்ணைத் திறந்து தீட்டிய ஸ்டுடியோக் கலைஞர்கூட இறந்தவரைப் பேசவைத்ததில்லை. சுவரில் இருக்கும் படத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு அதுவே.

ஆவணச் சிக்கல்

பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியுடன், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழைய தமிழகக் குடும்ப, ஸ்டுடியோப் படங்களை எண்ணிமமாக்கியுள்ளது. இத்தகைய படங்களின் அட்டையில் ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் அச்சிடப்பட்டிருப்பதுண்டு. அவற்றைக்கொண்டு படத்தின் காலத்தைக் கணிக்க முடிகிறது. இன்றைய நினைவுப் படம் பெரும்பாலும் கைப்பேசிக்கு வாட்ஸ்அப் வழியாக வந்து சேர்கிறது. படமாக அனுப்பும்போது கோப்பில் பதிந்துள்ள தேதி முதலான விவரங்களை அச்செயலி நீக்கிவிடுகிறது. படத்தைச் சுருக்கியும் விடுகிறது. வரைந்தவர் தம் பெயரை ஓரத்தில் எழுதினால், பூஜையறையில் மாட்டும் படம் என்பதால் அதை நீக்கித்தரச் சொல்பவர்களும் உண்டு.