52,42,88,00,000: சோழர் நிலக்கணக்கில் ஒரு பேரெண்

52,42,88,00,000 (ஐயாயிரத்து இருநூற்று நாற்பத்திரண்டு கோடியே எண்பத்தெட்டு இலட்சம்) என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின் நிலக்கணக்கோடு தொடர்புடைய எண் ஆகும். முதலாம் இராசராசன் (ஆட்சி 985–1014) கோயிலுக்கு அளித்த ஊர்களின் நிலம், ஒரு வேலியை இத்தனை பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு வரை கணக்கிடப்பட்டது. இக்கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் ஹுல்ட்ஸ் பதிப்பித்தார்.

எண்ணின் அமைப்பு

இவ்வெண்ணின் பகாக் காரணிகள் 2, 5 ஆகிய இரண்டு மட்டுமே. இது 2²⁴ × 5⁵ ஆகும். 2¹⁹ × 1,00,000 எனவும் எழுதலாம். இதற்கு 25 × 6 = 150 வகுத்திகள் உண்டு.

தமிழரின் கீழ்வாய் இலக்கத்தில் மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. முந்திரிக்கும் கீழே செல்ல, 'கீழ்' என்று சொல்லி மறுபடியும் 320ஆல் வகுப்பர். எனவே கீழ்முந்திரி 1/1,02,400. இவ்வாறு நான்கு முறை 320ஆல் வகுத்து, அதில் நாலுமா (4/20, அதாவது 1/5) எடுத்தால் இப்பேரெண்ணின் ஒரு பங்கு கிடைக்கும்: 320⁴ × 5 = 52,42,88,00,000.

எவ்வளவு சிறிய நிலம்?

இன்றைய டெல்டா வழக்கில் ஒரு வேலி 20 மா. ஒரு மா 100 குழி. ஒரு குழி 144 சதுர அடி. ஆகவே வேலி 2,88,000 சதுர அடி (சுமார் 6.6 ஏக்கர்). இதன்படி முந்திரி 900 சதுர அடி, ஒரு வீட்டுமனை அளவு. கீழ்முந்திரி மூன்று சதுர அடிக்கும் குறைவு. அடுத்த படி ஒன்றேகால் சதுர அங்குலம். கடைசிப் பங்கு ஏறத்தாழ அரை சதுர மில்லிமீட்டர்.

வேலிக்கு நூறு கலம் நெல் வரி எனக் கொள்வோம். கலத்துக்கு 96 நாழி, நாழிக்கு 14,400 நெல் என்பது மரபுக் கணக்கு. அப்படியானால் அந்தப் பங்குக்கு உரிய வரி, ஒரு நெல்மணியில் 379இல் ஒரு பங்கு!

அளந்தார்களா, கணக்கிட்டார்களா?

சோழர்கள் அரை மில்லிமீட்டர் நிலத்தையும் கோல் கொண்டு அளந்தனர் என்று சிலர் பெருமையாகக் கூறுவர். வரப்பும் சேறும் உள்ள வயலில் எந்தக் கோலாலும் அது இயலாது. அந்த நுண்மை கணக்கில் பிறந்தது. பின்னங்களைப் பெருக்கும்போது பகுதி எண்கள் விரைவாகப் பெருகும். முந்திரியை முந்திரியால் பெருக்கினாலே கீழ்முந்திரி வந்துவிடும்.

கல்வெட்டுகளில் ஊரின் மொத்த நிலம் முதலில் சொல்லப்படும். அதிலிருந்து ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு போன்ற இறையிலி நிலங்கள் கழிக்கப்படும். எஞ்சியதற்கே வரி. மொத்தமும் கழிவும் எச்சமும் பிசகாமல் பொருந்த வேண்டுமானால், சில்லறையைத் தள்ளிவிட முடியாது. பின்னங்கள் 2, 5 ஆகியவற்றால் மட்டுமே ஆனவை என்பதால், அவற்றைக் கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் விடை அதே வாய்பாட்டுக்குள் மிச்சமின்றி அடங்கும். மூன்றில் ஒரு பங்கு போன்றவை அதில் அடங்கா.

ஆகவே இவ்வெண் காட்டுவது அளவுகோலின் கூர்மையை அன்று. கணக்கரின் நேர்மையையும், அவர்கள் கையாண்ட பின்ன முறையின் வலிமையையும் ஆகும். கீழ்வாய் இலக்கம் பிற்காலத் திண்ணைப் பள்ளிகளிலும் எண்சுவடி வழியே மனப்பாடமாகக் கற்பிக்கப்பட்டது. இன்று முந்திரி மறைந்துவிட்டது. மாவும் வேலியும் காவிரிப் படுகை உழவர் பேச்சில் இன்னும் வாழ்கின்றன.