நியூயார்க் நகரக் கம்ப்ட்ரோலர்
நியூயார்க் மாநகரின் தலைமை நிதி அலுவலர். மேயர் நியமிப்பவர் அல்லர். நகர வாக்காளர்கள் நான்காண்டுக்கு ஒருமுறை நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். தொடர்ந்து இருமுறைக்கு மேல் பதவி வகிக்க முடியாது. கட்சி வேட்பாளரைத் தெரிவுசெய்யும் முதனிலைத் தேர்தலில் 2021 முதல் விருப்ப வரிசை வாக்குமுறை நடைமுறையில் உள்ளது.

நகரத் துறைகளைத் தணிக்கை செய்வதும், ஐந்து ஓய்வூதிய நிதியங்களின் முதலீட்டைக் கவனிப்பதும், நகரின் மீதான இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் தீர்ப்பதும் இவர் பணிகள். எனினும் அன்றாட நிர்வாகத்தில் இவரது கை ஓங்குவது ஒப்பந்தப் பதிவில்தான்: நிதி ஒதுக்கீடு இல்லாவிட்டாலோ, ஊழல் ஐயம் எழுந்தாலோ ஒப்பந்தத்தைப் பதியாமல் திருப்பியனுப்பலாம். மக்களிடம் நேரே வாக்குப் பெற்றவர் என்பதே இத்துணிவுக்கு அடிப்படை.

இப்பதவியிலிருந்து மேயரான ஏபிரகாம் பீமின் ஆட்சியில், 1975இல், நகரம் திவாலின் விளிம்புவரை சென்றது. 1990இல் பொறுப்பேற்ற எலிசபெத் ஹோல்ட்ஸ்மன் இப்பதவி வகித்த முதல் பெண்.