மண் மறக்காத மழை

அமில மழை என்றதும் இன்று இரு வகைக் கருத்துகள் எழுகின்றன. அது தீர்க்கப்பட்டுவிட்ட சிக்கல் என்பர் ஒரு சாரார். மிகைப்படுத்தப்பட்ட பீதி என்பர் மற்றொரு சாரார். வட ஐரோப்பாவின் ஊசியிலைக் காட்டு மண்ணின் வரலாறு இவ்விரண்டையும் முழுமையாக ஏற்பதில்லை.

ஸ்வீடன், நார்வே நாடுகளின் ஸ்ப்ரூஸ், பைன் காடுகளில் உதிரும் ஊசியிலைகள் குளிரில் மெல்லவே மக்குகின்றன. தரையில் கரிய மக்கு அடுக்கு திரள்கிறது. அதனூடே இறங்கும் நீர் இரும்பையும் அலுமினியத்தையும் கரைத்துக் கீழே கொண்டுசெல்வதால், அடியில் சாம்பல் நிற அடுக்கு வெளிறித் தோன்றுகிறது. இதனாலேயே இம்மண்ணுக்குச் சாம்பலைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லிலிருந்து ‘பாட்சால்’ என்ற பெயர் வந்தது. பல இடங்களில் அடிப்பாறை கிரானைட்டும் நைசும், சுண்ணாம்பு அரிது. ஆகவே இம்மண் இயல்பிலேயே அமிலத்தன்மை உடையது. பின்னர் எழுந்த விவாதத்தின் முடிச்சு இதுவே.

1967 அக்டோபரில் உப்சாலாவைச் சேர்ந்த மண்ணியலாளர் ஸ்வாந்தே ஓடேன் ஒரு ஸ்வீடிய நாளிதழில் எழுதிய கட்டுரை அவ்விவாதத்தைத் தொடங்கிவைத்தது. மழைநீர் ஆய்வு நிலையங்களின் பல ஆண்டுப் பதிவுகளை ஒப்பிட்டு, பிரிட்டனிலும் மத்திய ஐரோப்பாவிலும் எரிக்கப்படும் நிலக்கரி, எண்ணெயின் கந்தகம் எல்லை கடந்து ஸ்காண்டிநேவியாவில் அமிலமாகப் பொழிகிறது என்றார் அவர். 1972இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாட்டில் ஸ்வீடன் இதையே தன் வழக்காக முன்வைத்தது.

எதிர்வாதம் வலுவானதாகவே இருந்தது. நார்வே நிலவியலாளர் ஐவன் ரோசென்குவிஸ்ட், மேய்ச்சலும் வேளாண்மையும் கைவிடப்பட்ட நிலங்களில் காடு மீண்டும் வளர்வதே அமிலமாதலுக்குக் காரணம் என்றார். மரம் கால்சியத்தை உறிஞ்சும்போது வேர்கள் ஹைட்ரஜன் அயனிகளை வெளியிடுகின்றன என்பது உண்மையே. 1980இல் நிறைவுற்ற நார்வேயின் பேராய்வுத் திட்டமும் மீன்களின் அழிவை உறுதிசெய்ததேயன்றி, மர வளர்ச்சி குன்றியதாக நிறுவ முடியவில்லை.

அக்காலத்திலேயே மேற்கு ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் உல்ரிக், அமில மண்ணில் கரையும் அலுமினியம் வேர்களை நஞ்சாக்கும் என்று எச்சரித்தார். காடுகள் விரைவில் மடியும் என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. செக், போலந்து, கிழக்கு ஜெர்மனி எல்லை மலைகளில் கந்தகப் புகையால் ஸ்ப்ரூஸ் காடுகள் மெய்யாகவே அழிந்தன. ஆனால் அஞ்சியபடி நாடு தழுவிய அழிவு நேரவில்லை. ‘வீண் பீதி’ என்னும் கருத்து இங்கிருந்தே பிறந்தது.

மண் வேறொரு சான்றை வைத்திருந்தது. தென்மேற்கு ஸ்வீடனில் 1927இல் அளக்கப்பட்ட அதே காட்டு மண்ணை 1980களின் தொடக்கத்தில் ஹால்பேக்கனும் தாமும் மீண்டும் அளந்தனர். மேலடுக்கின் அமிலமாதலில் மரங்களின் வயதுக்கும் பங்கிருந்தது. அந்த அளவில் ரோசென்குவிஸ்டின் வாதம் பொருந்தியது. ஆனால் மரங்களின் செல்வாக்கு குறைந்த ஆழ் அடுக்கும் அமிலமாகியிருந்தது. அதற்கு மர வளர்ச்சி மட்டும் விளக்கமாகவில்லை. மழையோடு வந்த சல்பேட், வடியும்போது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் உடன் இழுத்துச் சென்றது. அவை குறைந்த இடத்தில் அலுமினியம் கரைந்து, ஓடைகள் வழியே ஏரிகளை அடைந்து, மீன்களின் செவுள்களைத் தாக்கியது.

1979இல் ஜெனீவா உடன்படிக்கையும், 1985இல் கந்தக வெளியீட்டை 30 விழுக்காடு குறைக்கும் ஹெல்சிங்கி நெறிமுறையும் கையெழுத்தாயின. 1980ஐ ஒப்பிட ஐரோப்பாவின் கந்தக வெளியீடு இன்று 80 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்துள்ளது. ஆயினும் மழை தூய்மையானால் மண்ணும் உடனே தேறிவிடுமா? 1991இல் ஸ்வீடனின் கோர்ட்ஷோனில் ஒரு சிறு நீர்ப்பிடிப்புக் காட்டின் மீது கூரை வேய்ந்து, அதன் கீழ் தூய நீரைத் தெளித்துப் பார்த்தனர். மண்ணில் தேங்கியிருந்த பழைய சல்பேட் ஆண்டுக்கணக்கில் வடிந்துகொண்டே இருந்தது. இழந்த கால்சியமோ பாறை சிதையும் மெதுவான வேகத்தில்தான் திரும்பும்.

நைட்ரஜன் மாசு கந்தகத்தைப் போல வேகமாகக் குறையவில்லை. வட ஸ்வீடனின் நோர்லிடனில் 1971 முதல் நடந்த சோதனையில், மிகுதியாக நைட்ரஜன் இட்ட நிலத்தில் வேர்ப்பூஞ்சைகள் குன்றின. நிறுத்திய பின் மீளத் தொடங்கின. இப்பூஞ்சைகளின் பங்கு சிறிதன்று. ஸ்வீடியத் தீவுக் காடுகளில் சேர்ந்த மண்கரிமத்தில் 50 முதல் 70 விழுக்காடு வரை வேர்களிலிருந்தும் அவற்றைச் சார்ந்த நுண்ணுயிரிகளிலிருந்தும் வந்தது என 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. உதிர்ந்த இலைகளே கரிமச் சேமிப்பின் முதன்மை ஊற்று என்ற பழைய எண்ணம் அதனால் தளர்ந்தது. வேர்ப்பூஞ்சையைப் பாதிக்கும் மாசு, காட்டின் கரிமக் கணக்கையும் தொடுகிறது.

மரங்கள் பசுமையாக நின்றதால் எச்சரிக்கை பொய்த்தது என்று முடிவுகட்டுவது, வீட்டின் சுவரைப் பார்த்து அடித்தளத்தை மதிப்பிடுவதற்கு ஒப்பாகும். மரங்களின் சாவு பற்றிய முன்கணிப்பு பிழைத்தது. மண்ணின் இழப்பு பற்றிய அளவீடு பிழைக்கவில்லை. புகைபோக்கியை மூடச் சில பத்தாண்டுகள் போதும். மண் இழந்ததை மீட்க அதனினும் நெடுங்காலம் வேண்டும்.