வெளிநாட்டவரின் சீனப் பெயர்கள்

வெளிநாட்டவரின் சீனப் பெயர் என்பது சீனாவில் வாழும் அல்லது சீன மொழியிலும் வரலாற்றிலும் ஈடுபடும் பிற நாட்டவர் ஒருவர், தமது இயற்பெயருக்குப் புறம்பாகச் சீன மரபுப்படி ஏற்றுக்கொள்ளும் பெயராகும். இது வெறும் ஒலிபெயர்ப்பு அன்று. பல வேளைகளில் ஆசிரியரோ நண்பரோ ஆகிய ஒரு சீனரே இப்பெயரைச் சூட்டுகிறார்.

பெயரமைப்பு

சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலிலும் இடுபெயர் அடுத்தும் வரும். குடும்பப் பெயர் பெரும்பாலும் ஓரெழுத்து. இடுபெயர் ஓரெழுத்து அல்லது ஈரெழுத்து. எனவே முழுப்பெயரும் பொதுவாக இரண்டு மூன்று அசைகளில் முடிந்துவிடும். சீன எழுத்து ஒவ்வொன்றும் ஓர் அசையை ஒலிப்பதோடு பொருளும் தரும். ஆகவே ஒலியை மட்டும் எழுதிப் பொருளை முற்றிலும் விலக்க இயலாது.

சேக்சுபியரின் பெயர் "ஷாஷிபியா" என நான்கு எழுத்துகளில் எழுதப்படுகிறது. இதைக் காணும் சீனர் அயலார் பெயர் என உடனே அறிவார். சூட்டிக்கொள்ளும் பெயரோ சீனரின் பெயர்ப் பட்டியல் ஒன்றில் இடம்பெற்றாலும் உறுத்தாமல் இருக்க வேண்டும். இதற்காக இயற்பெயரின் ஓர் ஒலியை மட்டும் குடும்பப் பெயரில் பற்றிக்கொண்டு, இடுபெயரை நற்பொருள் நோக்கி அமைப்பது பலர் கையாண்ட முறை.

மத்தேயோ ரிச்சி

இத்தாலிய இயேசு சபைத் துறவியான மத்தேயோ ரிச்சி (1552–1610) 1583இல் தென்சீனாவின் சாவோசிங் நகரில் குடியேறினார். சீன மொழியில் இத்தாலிய ரகரம் இல்லாமையால் ரிச்சி என்பதன் முதலசை "லி" ஆனது. மத்தேயோ "மாதோ" ஆனது. "லி மாதோ" என்பது ஒலியை ஒட்டியதே ஆயினும் மூன்றெழுத்தில் அடங்கியதால் சீனப் பெயராகவே வழங்கியது. இந்த "லி" எழுத்துக்கு ஆதாயம் என்ற பொருளும் உண்டு. கன்பூசிய அறிஞர்கள் தாழ்வாகக் கருதிய சொல் அது. எனினும் குடும்பப் பெயராக வரும்போது எழுத்தின் பொருளைப் பெரும்பாலும் எவரும் நோக்குவதில்லை.

அக்காலச் சீனக் கற்றோரிடையே ஒருவரை இடுபெயரால் அழைப்பது மரியாதைக் குறைவு. ஒத்த நிலையினர் அழைப்பதற்கெனத் தனியே ஒரு பெயர் வேண்டும். தொடக்கத்தில் பௌத்த துறவிகளைப் போல உடுத்திய ரிச்சி, 1595இல் அறிஞர் உடைக்கு மாறினார். அறிஞர் வட்டத்தில் அவருக்கு வழங்கிய மரியாதைப் பெயர் "சிதாய்". அதன் முதலெழுத்து மேற்குத் திசையைக் குறிக்கும். அதாவது, அயலவர் என்பதை மறைக்காமலே அவர் அவையில் இடம்பெற்றார். பெய்ஜிங்கில் உள்ள அவரது கல்லறைக் கல்வெட்டு சீனத்திலும் இலத்தீனிலும் பொறிக்கப்பட்டுள்ளது. அதே சபையைச் சேர்ந்த பெஸ்கி (1680–1747) தமிழில் வீரமாமுனிவர் எனப் பெயர் பெற்றதை இங்கு ஒப்பிடலாம். ஆனால் அப்பெயரில் இயற்பெயரின் ஒலி சிறிதும் இல்லை.

அறிஞர்கள்

பிரித்தானிய உயிர்வேதியியலாளர் ஜோசப் நீடம் (1900–1995), 1937இல் கேம்பிரிட்ஜுக்கு வந்த லு குவெய்-ஜென் என்பவரிடம் சீனம் கற்றார். அவரது சீனப் பெயர் "லி யுவேசெ". இடுபெயர் ஜோசப் என்பதன் ஒலிபெயர்ப்பு. "லி" என்பது தாவோயிய முன்னோடி லாவோ சீக்கு மரபு வழங்கும் குடும்பப் பெயர். ரிச்சியின் "லி"யிலிருந்து வேறான எழுத்து. நவீன அறிவியல் ஏன் சீனாவில் தோன்றவில்லை என்று அவர் எழுப்பிய வினா, மேற்கில் நீடம் வினா எனப்படுகிறது. சீனாவில் அது "லி யுவேசெ புதிர்".

வரலாற்றாளர் ஜொனாதன் இசுபென்சின் (1936–2021) பெயர் சற்றே அச்சமூட்டக்கூடியது. மாணவராக இருந்தபோது சீன வரலாற்றாளர் ஃபாங் சாவ்-யிங் அவருக்கு "ஷி ஜிங்ச்சியான்" எனப் பெயரிட்டார். "ஷி" குடும்பப் பெயருமாகும், வரலாறு எனவும் பொருள்படும், "ஜிங்" போற்றுதல், "ச்சியான்" பண்டைய வரலாற்றாசிரியர் சிமா ச்சியானின் இடுபெயர். பெரிதாக எதுவும் எழுதியிராத இளைஞர் ஒருவர்மீது வைக்கப்பட்ட எதிர்பார்ப்பு இது. பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் எழுதிய நூல்கள் அப்பெயரைப் பொருத்தமாக்கின.

கோட்னிஸ்

சோலாப்பூரில் பிறந்த மருத்துவர் துவாரகாநாத் கோட்னிஸ் (1910–1942), சப்பானியப் படையெடுப்பின்போது இந்திய தேசிய காங்கிரசு 1938இல் அனுப்பிய ஐந்து மருத்துவர்களுள் ஒருவர். ஐவரின் சீனப் பெயர்களும் சீனாவைக் குறிக்கும் "ஹுவா" என்ற எழுத்தில் முடிந்தன. கோட்னிஸ் "கே திஹுவா" ஆனார். மற்ற நால்வரும் நாடு திரும்பினர், அவர் திரும்பவில்லை. சீனம் கற்று, பெத்தூன் பன்னாட்டு அமைதி மருத்துவமனையின் தலைவராகி, செவிலியர் குவோ ச்சிங்லானை 1941இல் மணந்தார். 1942 டிசம்பர் 9 அன்று தமது 32ஆம் வயதில் காலமானார். அதே ஆண்டு பிறந்த மகனின் பெயர் "யின்ஹுவா": "யின்" இந்தியா, "ஹுவா" சீனா.

இன்றைய வழக்கு

சீனம் கற்போருக்குத் தொடக்க வகுப்புகளிலேயே ஆசிரியர் பெயர் சூட்டுவது இன்றும் பரவலான வழக்கம். கடவுச்சீட்டில் உள்ள பெயரை இது மாற்றாது. தமக்கெனச் சீனப் பெயர் உள்ளவரை அப்பெயராலேயே சீன ஊடகங்கள் பெரும்பாலும் குறிப்பிடுகின்றன. முன்னாள் ஆத்திரேலியப் பிரதமர் கெவின் ரட், சீனச் செய்திகளில் "லு கேவென்" என்றே எழுதப்படுகிறார்.