ஜாகீர்: யார் அப்பன் வீட்டுச் சொத்து?

ஆபீஸில் ஒரு மீட்டிங் ரூமுக்காக இரண்டு டீம்கள் மல்லுக்கட்டியபோது ஹைதராபாத் நண்பர் ஒருவர் கத்தினார்: "பாப் கி ஜாகீர் ஹை கியா?" 'உங்கப்பன் வீட்டுச் சொத்தா?' என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கல்வராயன் மலைதான் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே ஜாகீர் என்பது கிண்டல் இல்லை, ஒரு காலத்தில் அதுதான் அரசாங்கமே.

உருதுவுக்கு இந்தச் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. 'ஜா' என்றால் இடம், 'கீர்' என்றால் பிடித்திருப்பது. ஜஹாங்கீர் (உலகைப் பிடித்தவர்) என்ற பெயரில் இருப்பதும் இதே 'கீர்'தான். ஆனால் முகலாயர் காலத்து ஜாகீர், நிலத்தின் மீதான சொந்தம் கிடையாது. அது சம்பளம். அதிகாரிக்குக் காசாகக் கொடுக்காமல், ஒரு பகுதியின் வரியை வசூலித்துக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தார்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். யாரும் ஓரிடத்தில் வேர்விட்டுவிடக் கூடாது என்பதுதான் கணக்கு. பொதுவாக, அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகாத ஒன்று அது.

தெற்கே வந்ததும் பொருள் மாறியது. 1763-ல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். கம்பெனி அதை 'ஜாகீர்' என்றே அழைத்தது, திருப்பித் தரவில்லை.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையில், சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள். இங்கே ஜாகீர் நிஜமாகவே அப்பன் வீட்டுச் சொத்து. பட்டம் பரம்பரையாக இறங்கியது. மலையாளிப் பழங்குடிகள் கொடுத்த வரியும் ஜாகீர்தாருக்கே போனது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தும் மலையில் ஜாகீர் நீடித்தது. அரசு அதைக் கையில் எடுத்தது 1976-ல். சுதந்திரம் வந்து 29 வருஷம் கழித்து!

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60 பேருக்கு மேல் பலிவாங்கிய பிறகுதான், சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலைமக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று அடிப்படைக் கேள்விகளே அங்கே எழுந்தன.

'இடத்தைப் பிடித்திருப்பவர்' மாறிவிட்டார். முன்பு ஜாகீர்தார், இப்போது வருவாய்த்துறையும் வனத்துறையும். தலைமுறைகளாக அங்கே உழுகிறவர்களோ 2006 வன உரிமைச் சட்டம் வந்த பிறகும் பட்டாவுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நண்பரின் கேள்வியை அவர்கள்தான் கேட்க வேண்டும்: இது யார் அப்பன் வீட்டு ஜாகீர்?